கூழ்வத்தல் சொன்ன கணக்கு

சிந்தலைக்குளத்தில் சோறு பேசத் தொடங்கியது மாசி மாதத்தில், பேட்டைத் தெருவுக்குக் குடிதண்ணீர் வரும் முறைநாளான ஒரு புதன்கிழமையில். குழாயடியில் குடங்கள் போட்ட சத்தத்தில் காலை இட்லி பேசியது பல வீடுகளில் யார் காதிலும் விழவில்லை. தண்ணீர் நின்று, சண்டையும் நின்று, அவரவர் வீட்டில் மத்தியானத் தட்டு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் ஊர் அதைக் கவனித்தது. உச்சிமாகாளி வீட்டில் மட்டும் காலையிலேயே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் எப்போதும் எண்களைக் காதுகொடுத்துக் கேட்கும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது.

உச்சிமாகாளி மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் காயில் கட்டுகிறவர். செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிப் பிழைத்தவர் என்றாலும், தட்டில் விழுவதை எண்ணுவது அவருக்குப் பிடிக்காது. அது அவருக்கு மட்டுமல்ல, அந்த ஊரில் யாருக்குமே பிடிக்காது. சாப்பிடுகிறவரின் இட்லியை எண்ணினால் கண்படும், எண்ணியவளுக்கு அன்னம் குறையும், எண்ணப்பட்டவனுக்கு வயிறு வலிக்கும் என்பது அங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் போன ஆடியில் அவர் மனைவி ஆவுடையம்மாள் இறந்துபோனாள். அதற்குப் பிறகு அவருக்குச் சர்க்கரை ஏறியது. வலதுகால் பெருவிரலில் செருப்பு கடித்த புண் ஆறாமல் நின்றது. டாக்டர் விரலை அமுக்கிப் பார்த்துவிட்டு, “ஒரு வேளைக்கு முப்பது கிராம் மாவுச்சத்து, அதுக்கு மேல போகக்கூடாது. வைகாசி முடியட்டும். அதுக்குள்ள ஆறலைன்னா விரலை எடுத்துற வேண்டியதுதான்,” என்றார்.

அவர் மகள் சங்கரிக்குப் பஞ்சாலையில் நூலை நிறுத்துப் பார்க்கும் வேலை. இத்தனை முழம் நூல் இத்தனை எடை இருக்க வேண்டும், ஒரு இம்மி கூடினாலும் அந்த நூல் தறிக்குப் போகாது. அவள் ஆலையில் செய்ததை வீட்டிலும் செய்தாள். அரிசி மாவு, ஜவ்வரிசி, சேமியா, சீனி எல்லாவற்றையும் மூட்டை கட்டி மதில்சுவருக்கு அந்தப்பக்கம் எஸ்தர் டீச்சர் வீட்டுக்குக் கொடுத்தாள். பிறகு சின்னத் தராசு ஒன்றை அம்மிக்குப் பக்கத்தில் வைத்து, இட்லியை நிறுத்து, சட்னியை நிறுத்து, தட்டில் வைக்கும்போது அதிலுள்ள மாவுச்சத்தைக் கணக்குப்போட்டு வாயால் சொன்னாள். அவள் சொல்லும் கணக்கில் தசமப்புள்ளி இல்லாமல் இருக்காது.

அந்தப் புதன்கிழமை, இட்லியைத் தட்டில் வைத்ததும் சங்கரிக்குத் தும்மல் வந்தது. தும்மி முடிப்பதற்குள், “பதிமூணு புள்ளி நாலு” என்று அவள் குரல் தட்டிலிருந்து கேட்டது.

“தும்மிக்கிட்டே எப்படிட்டி பேசுத?” என்றார் உச்சிமாகாளி.

“நான் பேசலைப்பா.”

“பின்ன?”

“இட்லி சொல்லிச்சு.”

அவர் இட்லியைப் பார்த்தார். இட்லி வேறொன்றும் சொல்லவில்லை. “சரி, உனக்கும் தொண்டைக்கு ஓய்வு,” என்று ஒரு விள்ளல் பிய்த்தார். “சட்னி என்ன சொல்லுதுன்னு கேளு.”

சட்னியும் சொன்னது.

மத்தியானத்துக்குள் ஊரில் எல்லாத் தட்டுகளும் பேசின. வெந்த சோறு தட்டைத் தொட்டதும் தன்னிடம் உள்ள மாவுச்சத்தைக் கிராமில் சொன்னது. ஒருமுறை மட்டும் சொன்னது. கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. யாரும் மயங்கி விழவில்லை. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, இரண்டு வீட்டில் சாப்பிட்டுப் பார்த்து, பேசும் உணவுக்குத் தனி வரி கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி மூன்றாம் பக்கத்தில், மிளகாய்வத்தல் விலைக்குக் கீழே வந்தது. கேப்பைக்களி, சோளச்சோறு, சுசியம் ஆகியவற்றின் அன்றைய நிலவரமும் பக்கத்திலேயே வந்தது. பூசணிக்காய் கூட்டு இவ்வளவு கம்மியாகவா பேசும் என்று ஒரு வாசகர் கேட்டு எழுதினார்.

சமைத்தவர் குரலில்தான் சோறு பேசும் என்பது சுடலைமுத்து மெஸ்ஸில் வெளியானது. அங்கே வாசலில், வீட்டுப் பெண்கள் கையால் சமைத்தது என்று பலகை தொங்கும். என் சம்சாரம் அடுப்படியை விட்டு நகரவே மாட்டாள் என்று சுடலைமுத்து கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அன்றைக்குச் சாம்பார், இலையில் விழுந்ததும், கட்டைக் குரலில், லேசாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பதினொண்ணு” என்றது.

“அண்ணாச்சி, சாம்பார் உங்க குரல்ல பேசுது,” என்றார் ஒரு லாரி டிரைவர்.

“அவளுக்குத் தடுமல் பிடிச்சிருக்கு.”

“ரசமும் அப்படித்தான் பேசுது.”

“ஒரு தடுமலுக்கு ரெண்டு தொண்டையா வச்சுப் பேசுவா? சாப்பிடும்,” என்றார் சுடலைமுத்து. மறுநாள் பலகையைத் திருப்பி மாட்டினார். ஆண்கள் சமைத்தால் ருசிதான் என்று அவருக்குக் கூட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை.

பெண் பார்க்கப் போன இடத்தில், எங்க பொண்ணு செஞ்ச கேசரி என்று நீட்டிய தட்டு, மெயின் ரோடு லாலா மிட்டாய்க்கடை மாஸ்டரின் குரலில் “நாப்பத்திரெண்டு” என்றது. மாப்பிள்ளையின் தகப்பனார் கேசரியையும் பெண்ணையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “பொண்ணுக்குக் குரல் நல்ல கம்பீரம்,” என்றார். சம்பந்தம் அங்கேயே முடிவானது.

ஊருக்கு உண்மையான சங்கடம் வேறாக இருந்தது. எண்ணக்கூடாததை இப்போது சோறே எண்ணியது. விருந்தாளி இரண்டாவது தோசை வாங்கினால் தோசையே அதை வீதிக்குச் சொன்னது. இதற்கு வழி கண்டது கீழத்தெருப் பெண்கள். பரிமாறுகிறவள் தோசையைத் தட்டில் வைக்கும் அந்த நொடியில் வீட்டுக்காரர் பலமாக இரும வேண்டும். விருந்தாளி காதில் விழவில்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நாளில் இது மரியாதையாகிவிட்டது. இருமாமல் சோறு போட்ட வீட்டில் கை நனைக்கமாட்டோம் என்று சம்பந்திகள் எழுந்துபோனார்கள். கல்யாணப் பந்தியில் இலைக்கு இலை, சமைத்த தவசிப்பிள்ளையின் குரல் அலையாய் எழுந்து ஐயர் சொல்லும் மந்திரத்தை அமுக்கியதால், பரிமாறும்போதே கெட்டிமேளம் கொட்டச் சொன்னார்கள். கொட்டுகிறவருக்குக் கைவலிக்கும்போது மாமன்மார் வரிசையாக நின்று இருமினார்கள்.

இதில் மனம் நிறைந்து சந்தோஷப்பட்டவர் ரங்கராஜ் ஒருவர்தான். அவர் இன்சூரன்ஸ் பிடிக்கிறவர். சோற்றை விட்டு, முட்டையும் வெண்ணெயும் தின்று பன்னிரண்டு கிலோ குறைந்தவர். காலையில் குளத்தங்கரையில் நடக்கிறவர்களுக்குத் தாமாகவே தலைவரானவர். “விஞ்ஞானம் வீட்டுக்கே வந்துட்டு, இனிமே யாரும் யாரையும் ஏமாத்த முடியாது,” என்று குளத்தைச் சுற்றிச்சுற்றிச் சொன்னார். சங்கரியின் தராசில் ஊர்ச் சோற்றையெல்லாம் வைத்துச் சரிபார்த்தார். சோறு சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது. மற்ற வீட்டுச் சோறு புள்ளியை விட்டுவிட்டுச் சொன்னது, சங்கரி சமைத்தது புள்ளியோடு சொன்னது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இரண்டாவது விதியும் ரங்கராஜ் வீட்டில்தான் தெரியவந்தது. அவர் மனைவி இடியாப்பம் பிழிந்து வைத்தாள். இடியாப்பம் அவள் குரலில் “நாப்பது” என்றது. ரங்கராஜ் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு முட்டை கேட்டார். அன்றிலிருந்து அவள் சமைத்தது எதுவும் அவரிடம் பேசவில்லை. அவளும் பேசவில்லை. மற்றவர்கள் தட்டில் பேசுகிற குழம்பு அவர் தட்டில் வாயை மூடிக்கொண்டது. பேசின சோற்றை ஒதுக்கினால் அந்தக் கை சமைத்த சோறு ஒதுக்கினவரோடு பேச்சை நிறுத்திவிடும் என்று ஊர் புரிந்துகொண்டது. அதற்குப் பிறகு பேசின சோற்றை யாரும் மிச்சம் வைக்கவில்லை. ரங்கராஜ் மட்டும் கணக்குத் தெரிந்துகொள்வதற்காக, அடுத்த வீட்டுக்காரரைக் கூட்டிவந்து தன் தட்டு முன்னால் உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டு, பிறகு அவரை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தார்.

இப்படியே பங்குனியும் போயிருக்கும். ஆனால் சங்கரி மதில்சுவருக்கு மேலாகக் கொடுத்த மூட்டையோடு ஒரு தூக்குச்சட்டியும் போயிருந்தது. அதில் இருந்தது கூழ்வத்தல். போன சித்திரை வெயிலில் ஆவுடையம்மாள் மொட்டைமாடியில் பழைய வேட்டி விரித்து ஊற்றிக் காயவைத்தது. எஸ்தர் டீச்சர் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலத்தில் எண்ணெய்ப் பலகாரம் தொடமாட்டார். ஆகையால் தூக்கைப் பரணில் ஏற்றிவிட்டார். ஈஸ்டர் ஞாயிறு, கோயிலுக்குப் போய்வந்து, கறிக்குழம்புக்குத் தொட்டுக்கொள்ள அதை இறக்கிப் பொரித்தார்.

உச்சிமாகாளி தம் வீட்டில் முருங்கைக்கீரையும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மதில்சுவருக்கு அந்தப்பக்கம், எஸ்தர் டீச்சரின் வீட்டுக்காரர் தாசன் சார் தட்டிலிருந்து, ஒரு குரல், “பதினெட்டு” என்றது.

ஆவுடையம்மாளின் குரல். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லும் அதே குரல். பொரித்தது டீச்சர் என்றாலும் பேசியது கூழைக் கிண்டிய கை. பால்காரரிடமும், பஸ் கண்டக்டரிடமும், ஆஸ்பத்திரியில் கடைசியாக நர்ஸிடமும் அவள் அப்படித்தான் இழுத்துப் பேசினாள்.

உச்சிமாகாளி கையைக் கழுவவில்லை. “உங்கம்மா கூப்பிடுதா,” என்று எழுந்தார்.

“யப்பா, செருப்பப் போடுங்க. புண்ணு இருக்கு.”

அவர் கட்டுப்போட்ட காலோடு தெருவில் இறங்கி, பக்கத்து வாசலில் ஏறினார். எஸ்தர் டீச்சர் எண்ணெய் சொட்டும் அரிகரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

“அண்ணாச்சி, நான் வேணும்னு செய்யலை. ஆவுடை போட்ட வத்தல்ங்கிறதே மறந்துபோச்சு.”

“எனக்கும் ஒரு தட்டு வைங்க டீச்சர்.”

டீச்சர் சங்கரியைப் பார்த்தார். சங்கரி பின்னாலேயே அப்பாவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றிருந்தாள். அவள் குனிந்து செருப்பை வாசற்படியில் வைத்தாள். டீச்சர் மூன்று வத்தலைத் தட்டில் வைத்தார்.

“ரெண்டு,” என்றது ஆவுடையம்மாளின் குரல்.

தாசன் சார் சாப்பிடுவதை நிறுத்தினார். “எனக்குப் பதினெட்டுன்னாளே. அதே எண்ணெய், அதே வத்தல். எனக்கும் மூணுதான்.”

உச்சிமாகாளி வத்தலை எடுத்து உடைத்து, மென்று, மூன்றையும் தின்று முடித்தார். சங்கரி இன்னும் மூன்றை வாங்கித் தராசுக்குக் கொண்டுபோனாள். நிறுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

“பதினெட்டுதான். அம்மா பொய் சொல்லுது.”

“எனக்குத் தெரியாதா?” என்றார் உச்சிமாகாளி. “சர்க்கரை எட்டிப் பாத்த காலத்துல, சீனியே போடலைம்பா, முக்காக் கரண்டி போட்டுருப்பா. சீனி போட்ட காப்பி நாக்குக்குத் தெரியாமலா இருக்கும்? சொல்லிட்டு என் முகத்தைப் பாத்துக்கிட்டே நிப்பா. நான் கசக்குன்னு சொல்லிக்கிட்டே குடிப்பேன்.”

இதைச் சொல்லும்போது அவர் ஒன்றும் அழவில்லை. பல்லிடுக்கில் இருந்த வத்தலை நாக்கால் தேடிக்கொண்டிருந்தார்.

தூக்கு சங்கரி வீட்டுக்குத் திரும்பியது. செய்தி அதற்கு முன்னால் ஊரைச் சுற்றிவிட்டது. சோறு பேசியபோது கலங்காத ஊர், சோறு பொய் சொன்னது என்றதும் கலங்கிப்போனது. ரங்கராஜ் நடைக்காரர்கள் நான்குபேரைக் கூட்டிக்கொண்டு விசாரணைக்கு வந்தார். அவர் தட்டில் வைத்த வத்தல் “பதினெட்டு” என்றது. நான்குபேர் தட்டிலும் “பதினெட்டு.” உச்சிமாகாளி தட்டில் வைத்தால் மட்டும் “ரெண்டு.”

“இது ஒழுங்கீனம்,” என்றார் ரங்கராஜ். “ஒரு சோறு பொய் சொன்னா ஊர்ச் சோறு பூராத்தையும் எப்படி நம்புறது? இதை நம்பி என் வீட்டுத் தராசையே வித்துட்டேன்.”

“உங்ககிட்ட ஒழுங்காத்தான சொல்லுச்சு?”

“சொல்லுச்சு.”

“பிறகு என்ன? வத்தலைத் தின்னுங்க,” என்றார் உச்சிமாகாளி. “ஒதுக்கிராதீங்க. உங்களுக்கு ஏற்கெனவே ஒரு வீடு பேசலை.”

ஐந்துபேரும் பதினெட்டு கிராமைத் தின்றுவிட்டுப் போனார்கள்.

கூட்டம் போனபின் சங்கரி தனக்கும் ஒரு தட்டு வைத்துப் பார்த்தாள். தன்னிடம் அம்மா என்ன சொல்வாள் என்று அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. “பதினெட்டு” என்றாள் அம்மா, ஊருக்குப் போகும்போது பீரோச் சாவியை மகள் கையில் வைத்து அழுத்துகிற குரலில். சங்கரி ஒரு வத்தலைத் தின்றாள். பிறகு மற்ற இரண்டையும் தின்றாள். பிறகு தூக்கை மூடிப் பரணில் ஏற்றி, ஏணியை ஆலைக்கூட்டாளி ஒருத்தி வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் மத்தியானம் உச்சிமாகாளி தட்டைப் பார்த்தார். பரணைப் பார்த்தார்.

“ஏணி எங்கட்டி?”

“டாக்டர் என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“வைகாசி முடிய ஆறலைன்னா விரலை எடுத்துருவாங்க.”

“எனக்குப் பத்து விரல் இருக்கு,” என்றார் உச்சிமாகாளி. “அவ ஒருத்திதான்.”

சங்கரிக்குக் கோபம் வந்தது. “விரலோட நிக்கும்னு யாரு சொன்னா? அது பாதம், கால்னு ஏறும். அம்மா ரெண்டும்பா, நீங்க ரெண்டுன்னு திம்பீங்க, ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்திருக்கது யாரு? போன ஆடியில உக்காந்தது பத்தாதா?”

அவர் தட்டை அருகே இழுத்தார். கீரையை வழித்துச் சாப்பிட்டார். கீரை அவளுடைய குரலில் புள்ளியோடு சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். ஒன்றையும் ஒதுக்கவில்லை. ஆனால் அன்று அவர் காயில் கட்டிய மின்விசிறி எதிர்ப்பக்கம் சுற்றியது. அதற்கடுத்து அவர் கட்டிய கிணற்று மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றாமல் கிணற்றுக்குள்ளேயே தள்ளியது. சுற்றில் பிழை விடாத மனிதர் என்று பெயரெடுத்தவர்.

ஊர் இரண்டு பக்கமாகப் பிரிந்து டீக்கடையில் உட்கார்ந்தது. விரல்தான் முக்கியம் என்றது ஒரு பக்கம். விரலை வைத்துக்கொண்டு யாரோடு பேசுவது என்றது மறுபக்கம். இதைவிட வினோதமான ஒன்று வீடுகளுக்குள் நடந்தது. ஊர் ஆண்கள் தங்கள் தட்டில் விழும் எண்ணை உற்றுக் கேட்கத் தொடங்கினார்கள். கணக்குக்காக அல்ல, குறைத்துச் சொல்கிறதா என்பதற்காக. எல்லார் வீட்டுச் சோறும் உண்மையையே சொன்னது. உண்மை கேட்டு ஒவ்வொருவராக முகம் வாடினார்கள். “இருபத்தாறுன்னு பட்டுனு சொல்லுத. ஒரு மனுசன்கிட்ட ஒரு நாளாவது குறைச்சுச் சொல்லணும்னு தோணுதா உனக்கு?” என்று ஒரு வீட்டில் கேட்க, “நானா சொன்னேன், தோசையில்லா சொல்லுச்சு,” என்று பதில் வந்தது. “தோசைக்கு அந்தப் புத்தி எங்கிருந்து வந்துச்சு?” என்று அது வளர்ந்தது. சிந்தலைக்குளத்தில் அதுவரை பொய் சொன்னதற்காக நடந்த சண்டைகளை எண்ணிவிடலாம். உண்மை சொன்னதற்காக நடந்தவை அந்தச் சித்திரையில்தான் தொடங்கின.

ரங்கராஜ் ஒருநாள் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டு, இடியாப்பம் பிழியச் சொல்லி, அவள் வைத்த எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தார். அதற்கடுத்த நாள் இடியாப்பம் அவரிடம் வாய்திறந்தது. “எழுபது” என்றது. சங்கரியின் தராசில் வைத்தால் நாற்பதுதான் வந்தது. குறைத்துச் சொல்லத் தெரிந்த சோற்றுக்குக் கூட்டிச் சொல்லவும் தெரியும் என்று ஊர் அறிந்துகொண்டது. ரங்கராஜ் அந்த எழுபதையும் தின்றார்.

சங்கரி ஆலையில் நூலை நிறுத்துக்கொண்டிருந்தபோது யோசித்தாள். எடை கூடிய நூல் வந்தால் அவர்கள் அதைத் தூர எறிவதில்லை. அதற்கு முன்னால் உள்ள இழையை மெல்லிசாக்கி, மொத்தத்தில் சரிசெய்வார்கள். அன்று சாயங்காலம் அவள் ஏணியைத் திரும்ப எடுத்துவந்தாள்.

“மத்தியானம் சோறு கிடையாது,” என்றாள் அப்பாவிடம். “ஒரு பருக்கை கிடையாது. கீரை, முட்டை, மோரு, புடலங்காய். எல்லாம் சேர்த்துப் பன்னெண்டு. அம்மாவுக்குப் பதினெட்டு. முப்பது. ராத்திரி கேக்கக்கூடாது, நாலாவது வத்தல் கேக்கக்கூடாது.”

“அவ ரெண்டுன்னுதான சொல்லுவா.”

“அது உங்களுக்கு. எனக்குப் பதினெட்டு.”

அப்படியே நடந்தது. சித்திரை முழுவதும், கத்திரி வெயிலிலும், உச்சிமாகாளி வீட்டில் மத்தியானத் தட்டில் முதலில் மகள் குரல் புள்ளியோடு கணக்குச் சொல்லும்; கடைசியில் மூன்று வத்தல் விழும்; ஆவுடையம்மாள் “ரெண்டு” என்பாள்; அவர் “கசக்கு” என்பார்; தின்பார். அந்த நேரத்துக்கு எஸ்தர் டீச்சர் மிக்ஸியை நிறுத்திவிடுவார். தெருவில் பாத்திரக்காரன்கூட அந்த வாசலைத் தாண்டுகிறவரைக்கும் கூவமாட்டான். மின்விசிறிகள் சரியான பக்கம் சுற்றின. புண்ணின் ஓரம் சிவப்பு குறைந்து, உலர்ந்து, தோல் மூடத் தொடங்கியது.

தூக்கில் வத்தல் குறைந்துகொண்டே வந்ததை இருவரும் பார்த்தார்கள். இருவரும் அதை எண்ணவில்லை.

வைகாசி முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் அது தீர்ந்தது. அடியில் கிடந்த தூளைக்கூட எண்ணெயில் போட்டு எடுத்தாள் சங்கரி. தூள் என்றாலும் குரல் முழுசாக இருந்தது. “ரெண்டு.” அவர் தட்டை விரலால் துடைத்துச் சாப்பிட்டார். அன்று கசக்கு என்று சொல்லவில்லை.

டாக்டர் விரலை அமுக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பழைய ரத்தப் பரிசோதனையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “எடுக்க வேண்டாம்,” என்றார். “என்ன சாப்பிட்டீங்க?” சங்கரி சொன்னாள். டாக்டர் வத்தலைப் பற்றி மட்டும் இரண்டுமுறை கேட்டுக்கொண்டார். அவருடைய வீடு வெளியூரில் இருந்தது; அங்கே சோறு பேசுவதில்லை.

உச்சிமாகாளி பத்து விரலோடு வீடு வந்தார். தூக்கு காலியாக அடுப்படியில் கவிழ்ந்து கிடந்தது. டீக்கடையில் விரல் கட்சியும் சரி, பேச்சுக் கட்சியும் சரி, தாங்கள்தான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டன. அவர் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். வைத்ததைச் சாப்பிட்டார். கேட்டால் பதில் சொன்னார். அவர் கட்டிய மின்விசிறி ஒன்று மறுபடியும் எதிர்ப்பக்கம் சுற்றியது.

ஆனிக் காற்று தொடங்கிவிட்டால் வத்தல் காயாது, பறக்கும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சங்கரி எஸ்தர் டீச்சர் வீட்டிலிருந்தே அரிசி மாவும் ஜவ்வரிசியும் திரும்ப வாங்கினாள். மதில்சுவருக்கு இந்தப்பக்கம் அடுப்பில் உலை வைத்துக்கொண்டே கேட்டாள்.

“அம்மா உப்பு எத்தனை கிராம் போடும் டீச்சர்?”

“அவ எங்க நிறுத்தா? கூழுல உப்பு குறைச்சலாத் தெரியணும்பா, காஞ்சா ஏறிக்கிடும்னு. பெருங்காயத்தைக் கரைச்சு ஊத்துவா. எலுமிச்சம்பழத்தை அடுப்பை அணைச்ச பிறகுதான் பிழியணும். முன்னாலயே பிழிஞ்சு ஒருதடவை என்கிட்ட ஏச்சு வாங்கினா.”

சங்கரி தராசை எடுத்தாள். மாவை நிறுத்தாள், ஜவ்வரிசியை நிறுத்தாள், கூழைக் கிண்டி உப்பை மட்டும் நாக்கில் வைத்துப் பார்த்தாள். மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்தாள். கரண்டியால் கூழை ஊற்றி, பின்பக்கத்தால் வட்டமாக இழுத்தாள். அம்மா ஊற்றியது எல்லாம் ஒரே அளவாக இருந்ததில்லை. இவள் ஊற்றியது எல்லாம் ஒரே அளவாக இருந்தது. காய்ந்ததும், வேட்டியின் அடிப்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்து, மறுபடி காயவைத்து, தூக்கை நிமிர்த்தி அதில் போட்டாள். ஒரு ஈடு எடுத்து நிறுத்துப் பார்த்தாள். மூன்று வத்தலுக்குப் பதினேழு புள்ளி ஒன்பது.

அடுத்த மத்தியானம் உச்சிமாகாளி கீரைக்கு முன்னால் உட்கார்ந்தார். தட்டில் சோறு இல்லை என்பதைக் கவனித்தார். அடுப்படியில் வத்தல் பொரியும் சத்தம் கேட்டதும் கையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். “யாரு போட்டது?” என்று கேட்க நினைத்து, அவள் உள்ளங்கையில் கூழ் சுட்ட தழும்பைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டார். ஆவுடையம்மாளின் குரல் வரப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். சோறு சமைத்தவர் குரலில்தான் பேசும். சங்கரி சமைத்தது புள்ளியோடு பேசும். அந்த ஊரில் அதுவரை ஒருமுறைகூட அது தவறியதில்லை.

அவள் அரிகரண்டியிலிருந்து மூன்று வத்தலைத் தட்டில் வைத்தாள்.

“ரெண்டு,” என்றது வத்தல்.

சங்கரியின் குரல்தான். புள்ளிகூட இல்லை.

சங்கரி அரிகரண்டியோடு அப்படியே நின்றாள். காது சிவந்தது. உச்சிமாகாளி அவள் பக்கம் திரும்பவில்லை. கல்யாண வீட்டுக்காரரைப்போல பலமாக, நீளமாக இருமினார். இருமி முடித்துத் தண்ணீர் குடித்தார்.

“என்ன சொல்லிச்சுட்டி? காதுல விழலை.”

“பதினெட்டு,” என்றாள் சங்கரி.

“சரி,” என்று வத்தலை உடைத்து வாயில் போட்டார். கொஞ்சநேரம் மென்றார்.

“கசக்கு,” என்றார்.